தீவுக்குப் போகிறீர்களா? விருந்தாளியாகப் போய் வாருங்கள்

சுற்றுலாப் பயணி என்றால் யார் என்று மைசூரில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தசரா வந்தால் போதும், ஊர் நிரம்பி வழியும். வருபவர்களில் இரண்டு வகை உண்டு. வழி கேட்டு, நன்றி சொல்லி, ஓரமாக நடந்து போகிறவர் ஒரு வகை. நம் வாசல் கோலத்தின் மேல் காரை ஏற்றி நிறுத்தி, காலி பாட்டிலைச் சாக்கடையில் போட்டுவிட்டு, "இந்த ஊரில் ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிப் போகிறவர் இன்னொரு வகை. முதல் வகையைப் பார்த்தால் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கத் தோன்றும். இரண்டாம் வகையைப் பார்த்தால் கதவைச் சாத்தத் தோன்றும். நாம் வேறு ஊருக்குப் போகும்போது எந்த வகை என்பதுதான் கேள்வி.

நம் சங்கத்துக் குடும்பங்கள் சில விடுமுறைக்கு அந்தமான் போகத் திட்டமிட்டு என்னிடம் விவரம் கேட்கின்றன. ரயில்வேயில் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நானும் என் துணைவியாரும் ஒரு முறை தனியாகவும், இன்னொரு முறை மகன் குடும்பத்தோடும் பேரக்குழந்தைகளோடும் அங்கே போய் வந்தோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று ஆசிரியர் சொன்னார். எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பூகோளம்

வங்காள விரிகுடாவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தீவுக் கூட்டம் அந்தமான் நிக்கோபார். தீவுகள் ஐந்நூறுக்கு மேல். மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3.8 இலட்சம். வங்காளிகள் அதிகம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர். தமிழருக்கு அந்தக் கடல் புதிதுமல்ல. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபார்தான்.

பெயர்களில் குழப்பம் வரும், ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆனது. நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரிட்டார்கள். பேச்சில் பழைய பெயர்களும் புழங்குகின்றன. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் திகைக்க வேண்டாம். இக்கட்டுரையில் நம்மவர்களுக்குப் பழகிய பெயர்களையே எழுதுகிறேன்.

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்களும் கடலும் தெரியும். அது போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள குன்றிலிருந்து பார்த்த காட்சி. குழந்தைகளிடம் அந்த நோட்டைக் கொடுத்து அழைத்துப் போனால், அந்த இடத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

போகும் வழியும் காலமும்

அந்தமானில் ரயில் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை பாதை போடும் திட்டம் ஒன்று பேசப்பட்டதுண்டு; பாதை வரவில்லை. ஆகவே ரயில் நமக்குச் சென்னை வரைதான். மைசூரிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸில் இரவு படுத்தால் காலையில் சென்னை. அங்கிருந்து விமானத்தில் சுமார் இரண்டே கால் மணி நேரம். பெங்களூரிலிருந்தும் நேர் விமானங்கள் உண்டு. வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு அதுவே சௌகரியம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் போகிறது. தூரம் சுமார் 1,190 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். கடல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பும் இளைஞர்கள் ஒரு வழியாவது கப்பலில் போகலாம். புறப்படும் தேதி மாறக்கூடும் என்பதால், எண்ணி வைத்த விடுமுறையில் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அங்கே பெய்யும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஏப்ரலில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வெயில் சற்று அதிகம், கடல் அமைதி. மே பிற்பாதியிலிருந்து மழை தொடங்கிவிடும்.

இந்தியக் குடிமக்கள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் போன்ற இடங்களுக்குப் போகத் தனி அனுமதி தேவையில்லை. பழங்குடிக் காப்பகங்களுக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மகனோ மருமகளோ உடன் வந்தால், அவர்களுக்குரிய விதிகளை டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அசல் அடையாள அட்டையும் இரண்டு நகல்களும் வைத்திருப்பது நல்லது. படகு டிக்கெட்டுக்கும் கேட்பார்கள்.

சூரியன் முந்திக்கொள்ளும் ஊர்

மைசூர் ஏறக்குறைய 76.6 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் 92.7 பாகையில். வித்தியாசம் 16 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஆக அங்கே சூரியன் நம்மைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக முன்னதாக உச்சிக்கு வருகிறது. ஆனால் கடிகாரம் என்னவோ அதே இந்திய நேரம். மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கு இருட்டு.

இதை அறியாமல் ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பும் குடும்பங்கள் பாதி நாளை இழந்துவிடுகின்றன. அங்கே ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்பி வெயிலுக்கு ஒதுங்குங்கள். மூன்று மணிக்கு மறுபடி புறப்படுங்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்ப்பதற்கு நாலரைக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

தீவு விட்டுத் தீவு

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் என்ற மூன்றுமே முதல் முறை போகிறவர்களுக்குப் போதும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் இரண்டு மணிக்கு மேல். ஹேவ்லாக்கிலிருந்து நீல் சுமார் ஒரு மணி நேரம். தனியார் படகில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்தே போக வேண்டும். அரசுப் படகில் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், பறக்கும் மீன்களைக் காணலாம், கட்டணமும் குறைவு. ஆனால் தீவு மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் சந்தைக்கும் போகும் பஸ் அதுதான். அவர்கள் மூட்டை முடிச்சோடு வரும்போது ஜன்னல் இடத்துக்காக நாம் சண்டை பிடிப்பது அழகல்ல.

ரயில்வே டைம்டேபிள் போடும்போது 'ரெக்கவரி டைம்' என்று ஒன்று சேர்ப்போம். வழியில் வண்டி தாமதமானால் ஈடு கட்டுவதற்காக வைக்கப்படும் உபரி நிமிடங்கள் அவை. அது இல்லாத டைம்டேபிள் காகிதத்தில்தான் ஓடும். தீவுப் பயணத்துக்கு இந்த உபரி ஒரு முழு நாள் வேண்டும். காற்று எழுந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். கடலோடு யாரும் வாதாட முடியாது. எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். காலையில் ஹேவ்லாக்கில் படகு ஏறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

எட்டு நாள் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: போர்ட் பிளேரில் முதல் இரண்டு நாள், ஹேவ்லாக்கில் மூன்று நாள், நீலில் ஒரு நாள், திரும்பவும் போர்ட் பிளேரில் உபரியாக ஒரு நாள், எட்டாம் நாள் விமானம். இதற்குள் ஆறு தீவு, ஏழு தீவு என்று அடுக்கினால் பார்த்தது படகுத்துறை மட்டுமாகத்தான் இருக்கும்.

குமட்டல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரயில் பெட்டியில் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் ஆட்டம் அதிகம், பெட்டியின் நடுவில் குறைவு. படகும் அப்படித்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். அடிவானத்தையே பாருங்கள், புத்தகமும் செல்போனும் வேண்டாம். புறப்படும் முன் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, நெய் தோசையும் கூடாது. இஞ்சி முரப்பா சிலருக்குக் கேட்கும். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, படகேறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கையில் இருக்க வேண்டியவை

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு அந்தமானில் தொலைத்தொடர்பு நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஆனாலும் சிறிய தீவுகளில் செல்போன் வழியாகப் பணம் கொடுப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஏ.டி.எம். சிலவே. ரொக்கம் வைத்திருங்கள், அதிலும் சில்லறையாக.

பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான் இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் பயண நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துப் போக வேண்டும். டாக்டர் சீட்டும் வேண்டும். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். மணல் ஈக்கள் கடிக்கும். கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும். விடியலிலும் அந்தியிலும் முழங்கால் மூடிய உடை நல்லது. துணைவியார் இருமுறையும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். பெரிய தொல்லை இல்லை என்கிறார். குடை, பழைய செருப்பு, சீக்கிரம் உலரும் துணி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் ஆகியவை போதும். காலி பிளாஸ்டிக்கை அங்கே விட்டு வர வேண்டாம். அந்தச் சின்னத் தீவுகளில் குப்பையைக் கொண்டு போய்ப் போட இடமில்லை.

கடலில் கவனம்

அலை இல்லாத நீலக் கடலைப் பார்த்தால் குளம் போலத் தோன்றும். அது குளமல்ல. அந்தமான் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் நனைக்கவும் வேண்டாம். உயிர்காப்பாளர் விசில் ஊதினால் உடனே கரையேறுங்கள். இருட்டிய பின் குளிக்காதீர்கள்.

ஓதம் ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நீல் தீவில் உள்ள இயற்கைப் பாறை வளைவை நீர் வற்றியிருக்கும்போதுதான் கிட்டப் போய்ப் பார்க்க முடியும். தங்கும் விடுதியில் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் விளையாட்டுகளில் இளைஞர்கள் ஈடுபடலாம். உடல்நிலை பற்றிப் படிவம் கொடுத்தால் உண்மையை எழுதுங்கள். ஸ்கூபா முடிந்து ஒரு முழு நாள் கழிந்த பிறகே விமானம் ஏற வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் தேவை.

தண்ணீருக்கடியில் காணும் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது கல் போலத் தோன்றும், உண்மையில் உயிர். பாறை போலத் திரண்ட பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். நம் பேரன் ஒரு மிதி மிதித்தால் அவன் தாத்தா வயதுள்ளது உடையும். 2010ல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளத்திட்டுகள் பெருமளவு வெளுத்துப் போயின. மிஞ்சியதையாவது நாம் விட்டுவைக்க வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்தையும் எடுத்து வரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சில வகைச் சங்குகளுக்கும் அந்தச் சட்டம் உண்டு. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். பூஜை அறைக்குச் சங்கு வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்குங்கள்.

அந்த ஊர் மக்களும் நாமும்

ஹேவ்லாக்கிலும் நீலிலும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ராதாநகர், கோவிந்தநகர், சீதாபூர், லட்சுமண்பூர் என்று ஊர்ப்பெயர்களில் பாகவதமும் இராமாயணமும் இருக்கின்றன. அந்தமானின் காய்கறிக் கூடை நீல் தீவு. ஆனாலும் அரிசி, பருப்பு, எண்ணெய் முதலானவை கப்பலில்தான் வருகின்றன. ஆகவே சாப்பாட்டு விலை மைசூரைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். "எங்கள் ஊரில் இந்த விலைக்கு முழுச் சாப்பாடு" என்று கணக்குப் பேசாதீர்கள்.

தண்ணீரும் அருமை. மழை கொட்டும் ஊர்தான். ஆனால் கோடையில் போர்ட் பிளேரிலேயே தண்ணீரை அளந்து விடும் நிலை வருவதுண்டு. ஒரு நாளைக்கு மூன்று குளியல், துணி துவைத்தல் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடலில் குளித்த ஈர உடையோடு கடைத்தெருவில் நடப்பதையும், ஓட்டலில் உட்காருவதையும் கிராமத்து மக்கள் விரும்புவதில்லை. மேலே ஒரு துண்டு, ஒரு சட்டை போதும். யாரையும், குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கடற்கரையில் மது கூடாது, உரத்த பாட்டுப்பெட்டியும் கூடாது.

போர்ட் பிளேரில் பேச்சுவழக்கு பெரும்பாலும் இந்தி. ஆனால் கடைத்தெருவில் தமிழ் காதில் விழும். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனால் ஊருக்கு வந்துவிட்டது போலவே இருக்கும். வந்த ஊரின் மொழியில் நாலு வார்த்தை பேசினால் கதவு திறக்கும் என்பது மைசூர்த் தமிழர்களான நமக்குத் தெரியாததல்ல. கன்னடம் கற்ற நாம் இந்தியிலோ வங்காளத்திலோ ஒரு வணக்கம் சொல்லக் கற்பது பெரிய பாடா?

இன்னொன்று. நம்மவர்களுக்கு ஒரு வழக்கம்: தமிழ் பேசுகிறவரைக் கண்டதும் "சொந்த ஊர் எது, என்ன ஆட்கள்?" என்று துருவுவது. அங்கே அதை விட்டுவிடுங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் முதல் கைதிகள் வந்து இறங்கிய மண் அது. தண்டனை முடிந்து அங்கேயே மணமுடித்துத் தங்கியவர்களின் சந்ததியார் பலர் உண்டு. 'லோக்கல் பார்ன்' என்று சொல்லிக்கொள்வார்கள். உன் பாட்டன் என்ன குற்றம் செய்தான் என்ற பொருள் படும் எந்தக் கேள்வியும் நாகரிகமல்ல. அதே போல 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை சுமார் நான்கு மீட்டர் கீழே இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போயிற்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்திய கச்சால் தீவும் பெரும் அழிவைக் கண்டது. உறவுகளை இழந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்களாகச் சொன்னால் கேட்போம். கதை கேட்பது போல நாமாகக் கேட்க வேண்டாம்.

செல்லுலர் சிறை 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் பின்பக்கத்தைப் பார்க்குமாறு அமைத்திருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொருவன் முகத்தைக் காண முடியாது. கட்டடக்கலையைத் தண்டனையாக்கிய வேலை அது. தூக்குமேடை அருகே சிரித்துக்கொண்டு படம் எடுக்கும் குடும்பங்களைப் பார்த்தேன். கோயிலில் நடந்துகொள்வது போல அங்கே நடந்துகொள்ளப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

பார்க்கக் கூடாத ஒன்று

இக்கட்டுரையில் மற்றவை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

எங்கள் முதல் பயணத்தில் போர்ட் பிளேரில் ஒரு பயண முகவர் பாராடாங் தீவுக்கு டிக்கெட் எழுத வந்தார். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை என்று அடுக்கியவர், குரலைத் தாழ்த்தி, "வழியில ஜாரவா பார்க்கலாம் சார். கியாரண்டி இல்ல, ஆனா சான்ஸ் இருக்கு" என்றார். என் துணைவியார் உடனே, "ஏங்க, நம்ம ஊர்ல மிருகக்காட்சிசாலைதான் இருக்கே, அங்க இப்படித்தான் சொல்லுவாங்க. இவங்க மனுஷங்க இல்லையா?" என்று கேட்டார். நாங்கள் பாராடாங் போகவில்லை.

ஜாரவாக்கள் காட்டில் வேட்டையாடியும் தேன், கிழங்கு சேகரித்தும் வாழும் பழங்குடிகள். இன்று அவர்கள் சில நூறு பேர். வெளியாரை அம்பெய்து விலக்கி வைத்தவர்கள், 1997-98 வாக்கில்தான் காட்டைவிட்டுப் பகலில் வெளியே வரத் தொடங்கினார்கள். 1999ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான சளியும் அம்மையும் அவர்கள் உடலுக்குப் பழக்கமில்லாதவை. அவர்கள் காட்டின் ஊடேதான் அந்தமான் நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலையின் அப்பகுதியை மூடச் சொல்லி 2002ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் வண்டிகள் காவலோடு வரிசையாக, குறிப்பிட்ட நேரங்களில் போய்வருகின்றன. 2012ல் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆட வைத்த படம் வெளியாகி உலகமே தலைகுனிந்தது.

1956ல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. காப்பகத்தில் வண்டியை நிறுத்துவதும், அவர்களைப் படம் எடுப்பதும், பிஸ்கட்டோ பழமோ நீட்டுவதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. "பாவம், ஒரு வாழைப்பழம்தானே" என்று நம் பாட்டிமார் நினைக்கலாம். அந்தப் பழத்தோடு போவது நம் நோய். கூடவே கையேந்தும் பழக்கமும்.

இது பயமுறுத்தல் அல்ல என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆங்கிலேயர் வந்தபோது பெரிய அந்தமானியர் என்ற மக்கள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877ல் வந்த தட்டம்மையும் வேறு நோய்களும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1961 கணக்கெடுப்பில் 19 பேர். அவர்களுக்குள் பல மொழிகள் இருந்தன. அவற்றில் 'போ' என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதர், போவா சீனியர் என்ற மூதாட்டி, 2010 ஜனவரியில் மறைந்தார். அவருடைய கடைசி ஆண்டுகளில் தன் மொழியில் பேச அவருக்கு ஒருவரும் இல்லை. அயலூரில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மறந்துவிடக் கூடாது என்று சனி ஞாயிறு வகுப்பு நடத்துகிற நமக்கு இது புரியாவிட்டால் யாருக்குப் புரியும்?

நான் பாதை போடும் தொழிலில் இருந்தவன். தண்டவாளம் போன ஊருக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பின்னாலேயே வருவதைக் கண்டு மகிழ்ந்தவன். ஆனால் எந்தப் பாதையும் கேட்டவனுக்குத்தான் வரம். ஜாரவாக்கள் பாதை கேட்கவில்லை, நம்மையும் அழைக்கவில்லை. என் யோசனை இதுதான்: பாராடாங்கை விட்டுவிடுங்கள். குகை வேறு ஊரிலும் உண்டு. நம் கர்நாடகத்திலேயே யாணா இருக்கிறது. வடக்கே போக வேறு காரணம் இருந்து அந்தச் சாலையில் போக நேர்ந்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் போய்விடுங்கள். "ஜாரவா காட்டுகிறேன்" என்கிற முகவரிடம் எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையென்றால் அந்த வியாபாரம் நின்றுவிடும்.

இரண்டாம் முறை போனபோது பேரன் கேட்டான்: "தாத்தா, அவங்களைப் பார்க்காம வந்தா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன சொல்றது?" ராதாநகரில் கண்ட சூரிய அஸ்தமனத்தைச் சொல், ராஸ் தீவில் உன் கையிலிருந்த இலையை மான் முகர்ந்து பார்த்ததைச் சொல், சத்தாம் தீவில் 1883லிருந்து ஓடும் மர அறுவை ஆலையில் செம்மரம் போலச் சிவந்த படாக் மரம் பார்த்ததைச் சொல் என்றேன். அவன் எண்ணிப் பார்த்து, "போதும் தாத்தா, நிறையவே இருக்கு" என்றான்.

ஆம், நிறையவே இருக்கிறது. எந்தத் தீவிலும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பதில்லை. இடம் பார்த்துக் குந்து என்று கிராமத்தில் சொல்வது போல, அழைத்த இடத்தில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, நன்றி சொல்லிக் கிளம்புவதே விருந்தாளிக்கு அழகு.

இந்த விடுமுறையில் புறப்படுகிறவர்கள் யாராவது இருந்தால், ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். எங்கள் பயணக் குறிப்பு நோட்டைக் கொண்டு வருகிறேன். போய் வந்தவர்கள் மறக்காமல் வந்து, அங்கே மாறியிருப்பது என்ன என்று சொல்லுங்கள். அடுத்துப் போகிற குடும்பத்துக்கு அது உதவும்.